இரட்டைக் கூடை வடிகட்டி

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

தோஹாவிலிருந்து மகன் றெக்ஸன் எழுதுவது. வெற்றி மாதா கிருபையால் நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க மாட்டேன். கேட்டால் பொய்தான் சொல்வீர்கள். திருவிழாப் படத்தில் உங்கள் கையில் என்ன கட்டு என்று போனில் கேட்டேன். "ஒண்டுமில்லையடா, அலுமாரிக் கதவில நசிஞ்சது" என்றுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தீர்கள். அக்கா அழுதழுது உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அத்தானின் கடற்கரை வாடிக் கொட்டிலில் நண்டுத் தொட்டிக்குக் கடல் தண்ணீர் வருகிற குழாய்க்கு இரட்டைக் கூடை வடிகட்டி வாங்கச் சொல்லி அவரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஒரு கூடையில் பாசி அடைத்தால் தண்ணீரை மற்றதற்குத் திருப்பிவிட்டு ஆறுதலாகக் கழுவலாம். "ஒரு கூடை காணும், இது வாடியடா, உங்கட கொம்பனியில்லை" என்று சிரித்தார். ஒற்றைக் கூடையைப் பம்பை நிறுத்தித்தான் திறக்கவேண்டும். நீங்களோ, நண்டு செத்துப்போகும் என்று பம்ப் ஓடஓட மூடியைக் கழற்றியிருக்கிறீர்கள்! தண்ணீரின் அழுத்தத்தில் மூடி தெறித்து விரலை முறிக்காமல் என்ன செய்யும்? அத்தானின் நண்டு பெரிது, உங்கள் கை சும்மாவா? அதை என்னிடம் மறைக்க நான் என்ன பிறத்தியானா?

லீவில் வரும் என் அறைத் தோழன் மில்ரனிடம் இரட்டைக் கூடை வடிகட்டி கொடுத்துவிடுகிறேன். அத்தான் அதைப் பூட்டும்வரை வாடிப் பக்கம் போகவேண்டாம். கட்டை அவிழ்த்ததும் கையைப் படமெடுத்து அனுப்புங்கோ. அடுத்தமுறை போனை அம்மாவிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் என்னோடு கதையுங்கோ.

வேலைக்கு பஸ் வந்துவிட்டது. என் நெற்றித் தையலைப் பற்றி மில்ரன் ஏதாவது சொன்னால் நம்பவேண்டாம். அலுமாரிக் கதவில் இடித்ததுதான்.

மகன்
றெக்ஸன்