நுருங்ஜிக்குக் கொடுத்த சூடான இடம்

ஜேச்சன்,
ஜனவரி

அன்புள்ள யூன்சல்,

நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் இந்தக் குளிரில் பிடித்துக்கொள்கிறது. நீ அங்கே கனடாவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உன் தேள் நுருங்ஜியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது நீ ஒன்று கேட்டாய், "அப்பா, அது மண்ணுக்குள்ள போயிட்டா, தோண்டிப் பாக்காம உங்களால இருக்க முடியுமா?" என்று. நான் சிரித்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோப்பை மண்ணும் ஓர் அவரை விதையும் கொடுப்பேன், மறுநாளே பாதிப் பேர் விரலை விட்டுக் கிளறி முளைத்துவிட்டதா என்று பார்த்திருப்பார்கள், கிளறின கோப்பையில் ஒன்றும் முளைக்காது. அவர்களைத் திட்டியே தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தேன்.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். தோண்டுகிற ஜாதிக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம் என்றாய், பழைய மீன்தொட்டியைக் கழுவி, தேங்காய் நார்த்தூளும் களிமண்ணும் கலந்து ஒரு சாணுக்கு மேல் நிரப்பினேன். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்தப் பதத்தில் ஈரம். ஒளிகிற கல்லை மண்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியிலேயே ஊன்றினேன், கீழே குடைந்தாலும் கல் அதன் மேல் சரியாது. கண்ணாடியில் ஏறாவிட்டாலும் மூலையில் ஓடும் பசைக்கோட்டைப் பிடித்து ஏறிவிடுமே, அதனால் காற்றுத் துளை போட்ட மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி. அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில் அமுக்குகிற கல்லைத் தூக்கிவந்து மூடிமேல் ஓரமாக வைத்துவிட்டு, "கொட்டினா தேனீ கொட்டின மாதிரிதான்னு உங்க பொண்ணு சொல்றா. தேனீயை யாருங்க கூடத்துல வச்சு வளக்கறாங்க?" என்றாள்.

இத்தனையும் செய்தவன் தொட்டியை வைக்கிற இடத்தில் கோட்டை விட்டேன். "வெதுவெதுப்பா வச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தாய். நம் வீட்டில் வெதுவெதுப்பு என்றால் தரைதானே. விருந்தாளி வந்தால், தரைக்கடியில் ஓடும் பாய்லரின் வெந்நீர்க் குழாய் முதலில் நுழைகிற உள்மூலையில் உட்கார வைப்போம், நுருங்ஜியையும் அங்கேயே வைத்தேன். குளிர் கூடக் கூட பாய்லரையும் கூட்டினேன். அது இன்னும் கீழே, இன்னும் கீழே என்று தோண்டிக்கொண்டு போனது, இடம் பிடித்துவிட்டது போல என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு தக் வந்தார், தொட்டியின் அடியோரம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, பானை அடியில காந்தின சோத்துக்குத்தானே நுருங்ஜின்னு பேரு? உங்க பொண்ணு பேரு மட்டும்தான் வச்சா, நீங்க செஞ்சே காட்டிட்டீங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் காட்டில் சூடு மேலேயிருந்து வரும், தப்பிக்க வேண்டுமென்றால் கீழே தோண்டினால் போதும். நான் சூட்டைக் கீழே வைத்துவிட்டேன். தப்பிக்கத் தோண்டத் தோண்ட அது அடுப்பை நோக்கிப் போயிருக்கிறது.

அப்போதே தொட்டியைப் புத்தக அலமாரிக்கு மாற்றினேன், சூட்டு விரிப்பு ஒன்று வாங்கிப் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டினேன், ஒரு மூலையில் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். அதற்குப் பிறகு நுருங்ஜியைப் பார்க்கவே இல்லை. செத்துவிட்டதா, தோல் உரிக்கிறதா, சும்மா படுத்திருக்கிறதா, தெரியவில்லை. உரிக்கிற சமயத்தில் தோண்டினால் நாமே அதைக் கொன்றுவிடுவோம் என்றாயே, அதனால் கரண்டியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். சாயங்காலம் குழிவாயில் ஒரு சுவர்க்கோழியை விட்டுவிட்டு, காலையில் அது காணாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் என்னால் முடிகிறது. காணாமல் போவதில்லை, கத்திக்கொண்டு இருக்கிறது. நுருங்ஜி தோல் உரித்திருந்தால் அதன் இளம் உடம்பைச் சுவர்க்கோழி கடித்துவிடக் கூடாதே என்று எடுத்துவிடுகிறேன். நேற்றுக் குழிவாயில் புது மண் கொஞ்சம் கிடந்தது, உள்ளேயிருந்து தள்ளியிருக்கிறது என்று அம்மாவைக் கூவிக் கூப்பிட்டேன். "நீங்க தண்ணி விட்டதுல சரிஞ்சிருக்கும்" என்றாள், ஆனால் அவளும் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலையை விட்டுவிட்டதாக அம்மாவிடம் ஒரு வரி சொன்னதோடு நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். அவள் தினமும் செய்தி அனுப்புகிறாள், நீ படிக்கும்வரை செய்திக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்று என்ற எண் மறைந்ததும் "படிச்சுட்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அரிசி களையப் போவாள். சில நாள் மத்தியானமாகியும் அந்த ஒன்று மறையாது, அன்றைக்கு இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது. விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "போயி? பூட்டை உடைச்சு உள்ள பாக்கப் போறீங்களா? கரண்டியைக் கீழ வைங்க" என்றாள். வைத்துவிட்டேன்.

நுருங்ஜியைப் பற்றி நல்ல செய்தி எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், இந்தக் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் போக வேண்டும். அம்மா பின்னி அனுப்பிய சாக்ஸைப் போட்டுக்கொண்டு தூங்கு. ஏன், என்ன என்று நாங்கள் கேட்க மாட்டோம், நீ பதிலும் எழுத வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும், கழுவுவதற்கு முன்னால், காலிக் கிண்ணத்தை ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு.

உன் அப்பா,
பியோ மன்சொக்