சம்மதம் வந்த மொழி

ஞாயிறு, ஜூன் 14

மகன் கட்டிக்கொள்ள விரும்பும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் மரிசெலின் அம்மா இன்று மதியம் சாப்பிட வந்தார். அவர் சரி என்றால்தான் கல்யாணம். அதற்காகவே நான்கு மாதம் அவர்கள் நாட்டு மொழி என்று தகாலோக் படித்திருந்தேன். வாசலிலேயே ஒரு வரவேற்புரை நிகழ்த்தினேன்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நல்லாப் பேசுறீங்க, மனோங். ஆனா அது மணிலாப் பக்கத்து மொழி. நாங்க தெற்கே, இலோய்லோ பக்கம். எங்களுக்கு ஹிலிகாய்னோன்."

மனோங் என்றால் அண்ணனாம்.

என் மனைவி தமிழில் முணுமுணுத்தாள்: "இங்க சான்ட்ரிங்ஹாம் இந்திய மளிகைக் கடையில யாராவது உங்ககிட்ட இந்தி பேசுனா ஒரு வாரம் குதிப்பீங்களே. இந்தம்மா ஒரு நிமிஷம்கூடக் குதிக்கலை பாருங்க."

குதித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஹிலிகாய்னோன்காரர்கள் கோபத்திலும் தாலாட்டுகிற குரலில்தான் பேசுவார்கள் என்று மரிசெல் முன்பே சொல்லியிருந்தாள். ரசம் சாப்பிட்டபடி அவரிடம் இலக்கணம் கேட்டேன். நாம் கடைசிவரை ஒளித்துவைக்கும் வினைச்சொல்லை அவர்கள் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு அவர்களுக்கும் உண்டு: கிதா, கமி. ஆங்கிலத்துக்கு வாய்க்காத நாகரிகம்.

கிளம்பும்போது அவர் கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். எனக்காகப் படித்துக்கொண்டு வந்தாராம். கல்யாணத்துக்குச் சம்மதம் என்பதை நிறுத்தி நிறுத்தி, சுத்தமான இந்தியில் வாசித்தார்.

வீடே என் முகத்தைப் பார்த்தது.

"தன்யவாத்" என்றேன். இருபது வருட வைராக்கியம் ஒரே சொல்லில் போனது.

கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் எனக்கு ஹிலிகாய்னோன் வந்துவிடும். இந்தி விஷயத்தை அப்போது அவர் மொழியிலேயே, தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொள்கிறேன்.