ஷபானா போட்ட பின்னல்

கார்த்திகை முதல் ஞாயிறு. இரவு.

பருவுக்கு மாத்திரை சாப்பிடும் வரை ஃபேஷியல், வேக்ஸிங் எதுவும் கூடாது என்று தோல் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் இன்று ஜூஜுவாடிக்குப் போனேன். ஷபானா அங்கே பார்லர் திறந்து ஒரு மாதம் ஆகிறது. கம்பெனி ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு எங்கள் எல்லோருடைய புருவத்தையும் திருத்திவிட்டவள் அவள்.

“ஏதாச்சும் மாத்திரை சாப்புடறியா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மாத்திரையால் காய்ந்து வெடித்திருந்த உதட்டைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

“எங்கிட்ட என்னாத்துக்குடி பொய் சொல்ற? தோலு உரிஞ்சு கையோட வந்தா நான் என்னா பண்றது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபேஷியலா எனக்கு முக்கியம்? அந்தக் கை கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தால் போதும் என்றுதான் போனேன். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

திட்டி முடித்ததும் என்னைத் திருப்பி உட்காரவைத்துத் தலை வாரினாள். ஹாஸ்டலில் காலை ஷிஃப்டுக்கு முன் பின்னிவிடுவாளே, அதே இறுக்கமான பின்னல். சுருட்டி ஊசியும் குத்தினாள்.

“இப்ப தொப்பி போட்டா நழுவாது பாரு.”

தொப்பி போட்டு வேலை செய்யும் அசெம்பிளி லைனை விட்டு நான் கம்பெனி ஆபீசுக்கு மாறி இரண்டு வருடமாகிறது. தொப்பியே போடுவதில்லை.

“ஆமாண்டி, நழுவாது” என்றேன்.

தலை வலிக்கிறது. அவிழ்க்காமலே படுக்கிறேன்.