மூன்றாவது சிலிண்டர்

பிப்ரவரி 3, திங்கள்

பட்டறையைத் திறக்கும்போதே கோழிப்பண்ணை மயில்சாமி அண்ணனின், கேஸில் ஓடும் லாரி வாசலில் நின்றது. பெங்களூருக்கு முட்டை ஏற்றிப் போகிற வண்டி. டிரைவர் மாதையன் இறங்கி வந்து, "மூணாவது சிலிண்டர் அடிக்கலண்ணா. தொப்பூர் ஏத்தத்துல மூச்சு வாங்குது" என்றான். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தேன். மூன்றாவதேதான். காதாலேயே கண்டுபிடித்துவிட்டான்.

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு டீசல் இன்ஜின்தான் பழக்கம். அதில் ஸ்பார்க் பிளக் என்ற பேச்சே இல்லை. கேஸ் வண்டிகள் வந்தபிறகு ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளக், ஒவ்வொன்றும் ஒரு சாண் ஆழக் குழிக்குள். இந்த வண்டியில் வாங்கியதிலிருந்து யாரும் கழற்றியதாகத் தெரியவில்லை. ஐந்து பிளக் முனகிக்கொண்டே வந்துவிட்டன. மூன்றாவது அசையவில்லை. குழிக்குள் துரு. வண்டி கழுவும்போது தண்ணீர் இறங்கியிருக்கும்.

துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

உடைத்துவிட்டேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நோட்டைத் திறந்தேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாதையன் எதிர்க்கடைக்குப் போயிருந்தான். ஸ்பேனரின் கைப்பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நீட்டி, ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்' என்றது. மேல்பாதி கையோடு வந்தது. மரை உள்ள கீழ்ப்பாதி இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள்ளேயே நின்றுகொண்டது. சரியாக அந்த நேரம் பார்த்து மயில்சாமி அண்ணன் போன்.

"மோகனு, வண்டி எப்பக் கெடைக்கும்?"

"மூணாவது பிளக் ஒடஞ்சு கெடக்குதுங்ணா. முன்னாடியே யாரோ கை வெச்சிருக்காங்க போல."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் முந்திக்கொண்டது. அவர் உடனே, "வேற யாரு, மாதையந்தான். போன மாசம் கிருஷ்ணகிரில வண்டி நின்னப்போ அவனே பிளக் மூடியக் கழட்டித் தொடச்சேன்னு சொன்னான். அப்பவே நெனச்சேன்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இருக்கும்ங்ணா" என்றேன். பாவி.

சாயங்காலம் மயில்சாமி அண்ணனிடமிருந்து மாதையனுக்குப் போன் வந்தது. "பிளக்க நான் தொடவே இல்லைங்க" என்று மூன்று தடவை சொன்னான். நாளையிலிருந்து வண்டிக்கு வரவேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். போகும்முன் என்னைப் பார்த்தான். நான், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

முறிந்த போல்ட்டை எடுக்கிற கம்பியைக் கடையில் வாங்கி வந்து உள்ளே விட்டுத் திருகினேன். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. மூன்றாவது தடவை அதுவும் உள்ளே முறிந்தால் கதை முடிந்தது என்று நிறுத்திவிட்டேன். ஹெட்டையே கழற்றித் தூக்கித்தான் ஆகவேண்டும், பத்து நாள் ஆகும் என்கிறார்கள் விசாரித்த இடத்தில் எல்லாம்.

பார்ட்ஸ் கடை குணசீலன்தான் ஒரு வழி சொன்னார். "திருச்செங்கோட்டுல அறிவுச்செல்வின்னு ஒரு அம்மிணி லேத் பட்டறை வெச்சிருக்குதுங்க. போர்வெல் குழிக்குள்ள மாட்டிக்கிட்ட சாமானத்தை எடுக்கறதுக்கு ரிக் வண்டிக்காரங்க எல்லாம் அதுகிட்டத்தான் கருவி செஞ்சு வாங்கறாங்க. கேட்டுப் பாருங்க."

போன் செய்தேன். என்ன வண்டி, எத்தனை ஆழம், குழியின் அகலம் என்ன என்று கேட்டார். அகலம் எனக்குத் தெரியவில்லை. "நாளைக்கு வாரேனுங்ணா. அதுவரைக்கும் எதையும் உள்ள உடாதீங்க" என்றார்.

வீட்டில் மனைவி தனப்பிரியா, "ஏனுங்க, மொகமே செரியில்லையே" என்றாள். தலைவலி என்றேன். இது இரண்டாவது பொய்.

பிப்ரவரி 6, வியாழன்

அறிவுச்செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டரில் வந்தார். பெரிய சாமான்கள் எதிர்பார்த்தேன். ஒரு எவர்சில்வர் டப்பாவும் நீளமான ஒயரில் கட்டிய சின்ன கேமராவும்தான்.

வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றினார். கேமராவை இறக்கிவிட்டு, போனில் தெரிகிற படத்தையே இருபது நிமிஷம் பார்த்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எடுத்தரலாங்களா அம்மிணி?"

"ஆயரத்து எரநூறு அடிக்குக் கீழ மாட்டுனதக் கண்ணுல பாக்காமயே எடுக்கறோமுங்ணா. இங்க லைட் அடிச்சா எல்லாம் தெரியுது. இது சொகுசுங்க" என்று சிரித்தார். பிறகு என் கம்பி கீறிய தடத்தைப் படத்தில் காட்டினார். "உங்க கம்பி சாஞ்சு போயிருக்குது. அதான் வழுக்கிருக்குது. நேரா நின்னா புடிக்கும்."

நேராக நிறுத்த என்ன செய்வது? அதற்குத்தான் அளவு எடுத்தார். குழியின் அகலத்தை நான்கு இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை. குழிக்குள் ஆடாமல் உட்காரும் ஒரு குழாய், அந்தக் குழாயின் நடுவே இறங்கும் நாலு முனைக் கம்பி. இரண்டையும் இன்று லேத்தில் கடைந்து, நாளை கொண்டு வருவாராம்.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மயில்சாமி அண்ணன் வந்தார். "எல்லாம் போன மாசம் அந்த மாதையன் பண்ணுன வேலைங்க. அனுப்பிச்சுட்டேன்" என்றார் அவரிடம். அறிவுச்செல்வி பென்சிலை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று பார்த்ததை முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

முதலில் மூன்றாவது பிஸ்டனை மேலே கொண்டுவரச் சொன்னார். கீழே விழுகிற துகள் ஆழத்துக்குப் போகக்கூடாது என்று. பிளக்கின் நடுவில் ஒட்டியிருந்த பீங்கானை, கிரீஸ் தடவிய கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுத்தார். ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். அப்புறம் தான் கடைந்த குழாயை இறக்கினார். ஒரு உறுத்தல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது இவர் யார் என்று.

கம்பியை இறக்கி லேசாக நான்கு தட்டு. கைப்பிடியை மாட்டினார். கழற்றுகிற பக்கம் திருப்புவார் என்று பார்த்தால், முதலில் முடுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. பிறகு இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. எண்ணெய். மறுபடியும் அந்தப் பக்கம். இப்படியே ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டார். கையாலேயே கேட்கிறார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு இடத்தில் கைப்பிடி ஸ்பிரிங் மாதிரி நெளிந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். எண்ணெய் விட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்தார். வந்துகொண்டிருப்பதை விட்டுவிட்டா?

"இன்னுங் கொஞ்சம் போட்டா வந்துருமுங்களே" என்றேன்.

"அந்தக் கொஞ்சந்தானுங்ணா ஒடைக்கறது."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மூலையில் கிடந்த இரும்புக் குழாயைப் பார்த்தேன்.

சாப்பிட்டு, கை கழுவி, மறுபடி தொட்டார். முக்கால் மணி நேரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம், அரைச் சுற்று, ஒரு சுற்று, பிறகு தானாகச் சுழன்று மேலே வந்தது. ஹெட்டின் மரையில் ஒரு கீறல் இல்லை. நான் கை தட்டிவிட்டேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் துணியில் இருந்த பீங்கான் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். "ஒண்ணு கொறையுதுங்ணா." அரிசிக் குருணை அளவு. கேமராவை விட்டுத் தேடி, மெல்லிய டியூபை பட்டறையின் தூசி உறிஞ்சும் மெஷினில் கட்டி இறக்கி, நாற்பது நிமிஷம் போராடி அதையும் எடுத்தார். நானாக இருந்தால்? இன்ஜின் ஓடும்போது புகையோடு போய்விடும் என்று விட்டிருப்பேன். நிச்சயம் விட்டிருப்பேன்.

கிளம்பும்போது, என் மேஜையில் கிடந்த மேல்பாதியையும் தான் எடுத்த கீழ்ப்பாதியையும் பொருத்திக் காட்டினார். வெளியே எல்லாம் துரு. முறிந்த இடம் மட்டும் புது இரும்பாக மின்னியது.

"போன மாசம் ஒடஞ்சதுன்னா கருத்திருக்கோணுமுங்ணா."

நான் இரண்டு துண்டையும் கையில் வாங்கிக்கொண்டேன்.

"இந்தத் துருவுக்கு யாரு தொட்டாலும் ஒடஞ்சுதான் இருக்கும். ஒடச்சது குத்தமில்லீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

எது குற்றம் என்று அவர் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

புது பிளக் ஆறும் மாட்டி, லாரியை நானே ஓட்டிக்கொண்டு மயில்சாமி அண்ணனின் கோழிப்பண்ணைக்குப் போனேன். தீவன மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் மறுபடி வாய் மாறிவிடும். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

"பிளக்க ஒடச்சது நாந்தானுங்ணா. மாதையன் இல்லை. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தேன். அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மூணு தடவ சொன்னானேப்பா, தொடலீங்க தொடலீங்கன்னு. நாங் கேக்கலையே." பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "சாவிய வெச்சுட்டுப் போ. அவங்கிட்ட நீயே போய்ச் சொல்லு. போன்ல சொல்லாத."

பிப்ரவரி 9, ஞாயிறு

ராசிபுரம் போய் அங்கிருந்து தம்மம்பட்டி பஸ். மாதையன் வீடு ஊருக்கு வெளியே. அவன் மனைவி பழனியம்மாள் நாற்காலி போட்டாள். உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

மாதையன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினான். "தெரியும்ணா. நீங்க போன்ல பேசுறப்போ நான் வண்டிக்குப் பின்னாடிதான் நின்னேன். கடையில சில்லறை இல்லைன்னு திரும்பி வந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் மொதலாளிகிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நான் தொடலன்னு சொன்னேன். அது எனக்குத் தெரியும். நீங்க ஒடச்சத நான் பாக்கலையே. பாக்காதத எப்படிண்ணா சொல்றது?"

நாலு நாள் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஆள் இதைச் சொல்கிறார். என்மேல் சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்று இருந்திருக்கிறார். நான் பார்த்ததை, செய்ததை, மாற்றிச் சொன்னேன்.

பழனியம்மாள்தான் சத்தம் போட்டாள். "நாலு நாளா இந்த மனுசன் சரியா சோறு திங்கலை. நீங்க நல்லாத் தின்னீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அது உண்மை. "தின்னுட்டுப் போங்க" என்று தட்டு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இத்தனை நாள் இந்த நோட்டில் மாதையனை அவன், இவன் என்றே எழுதி வந்திருக்கிறேன். இன்று பாதியில் கை தானாக அவர் என்று மாற்றி எழுதியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

தனப்பிரியாவிடமும் சொல்லிவிட்டேன். "தலவலி போயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

மாதையன் லாரியில் ஏறிவிட்டார். மயில்சாமி அண்ணன் தானே போய் அழைத்து வந்தாராம்.

பிப்ரவரி 20, வியாழன்

மயில்சாமி அண்ணனின் மற்ற மூன்று வண்டிகளும் வேறு பட்டறைக்குப் போகின்றன. குணசீலன் சொன்னார். போகட்டும். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மத்தியானம் திருச்செங்கோடு போய் அறிவுச்செல்வியின் லேத்தைப் பார்த்து வந்தேன். தகரக் கொட்டகை. உள்ளே சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு கருவி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸில் ஊர்ப் பெயர்: எந்த ஊர்ப் போர்க்குழியில் எதை எடுத்தது என்று. நான்கைந்து கொக்கி காலியாக இருந்தது, பெயர் மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் எடுக்க முடியாமப் போனதுங்ணா. எழுதி வெக்கோணுமில்ல?" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் காலிக் கொக்கிகளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பரமத்தியில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் கயல்விழியின் டெம்போ. சைலன்சரைக் கழற்றும்போது ஒரு போல்ட் முறிந்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன், போனை எடுத்தேன்.

"அம்மிணி, போல்ட்டு ஒண்ணு ஒடஞ்சிருச்சுங்க. நாந்தான் ஒடச்சேன். ரெண்டு நாள் கூட ஆகும்."

"செரிங்க. சனிக்கெழம குடுத்துருவீங்களா?" என்றார். கொடுத்துவிடுவேன் என்றேன்.

அடுத்து அறிவுச்செல்விக்குப் போன். ஓட்டையின் அகலம் கேட்டார். அளந்து சொன்னேன். "இன்னொருக்கா அளந்து பாருங்ணா" என்றார். அளந்தேன். முதலில் சொன்னது தப்பு. அதையும் சொன்னேன்.