வடித்தவர் வாய் முதலில்

எந்தத் தபாலும் இனி எட்டாத இடத்தில் இருக்கும் என் சடையன் மச்சானுக்கு,

இன்று மத்தியானம் உங்கள் வீட்டு உள்ளறையில் ஒன்றைப் பார்த்தேன். அதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் போன செய்தி திருச்சியில் என் கல்லூரி விடுதிக்கு வந்தபோது அதில் இரண்டே விவரம் இருந்தது. வாந்தி. மறுநாள் விடியவில்லை. நான் மலையேறி வாழவந்தி நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் உங்களை மூடிய மண் காய்ந்துவிட்டது. ஊர் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளாயி.

உங்கள் அண்ணி. உங்கள் அண்ணன் இறந்த பிறகும் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருப்பவள். அவள் தானியம் புளிக்கவைத்த மதுவான ஊறலில் பச்சிலை கலந்து உங்களைக் கொன்றுவிட்டாளாம். நான் சிரித்துவிட்டேன் மச்சான். துக்க வீட்டு வாசலில் நின்று சிரித்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

சிரிக்காமல் என்ன செய்வது? நீங்கள் இருவரும் ஊறல் போடுவதை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்த்தவன் நான். ஒரு வேலி, இரண்டு அடுப்பு. உங்களுடையது சாமை. கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, பலாச்சுளையைப் பிசைந்து, வெல்லம் கரைத்து, அடுப்பங்கரைச் சூட்டிலேயே வைப்பீர்கள். சீக்கிரம் நுரைக்க வேண்டும். இனிப்பு போவதற்குள் வடித்துவிட வேண்டும். அதுவும் துணியை மடித்துப் போட்டு, தெளிவாக.

அண்ணியுடையது முளைகட்டிய கேழ்வரகு. காயவைத்துத் திரித்து, மரப்பட்டை இடித்துச் சேர்த்து, கசப்புக்கு ஒரு பிடி இலை போடுவாள். பானையை எருக்குழியில் புதைத்துவிட்டு, புதைத்ததையே மறந்தவள் மாதிரி நடமாடுவாள். நன்றாகப் புளித்த பிறகுதான் எடுப்பாள். வடிக்க மூங்கில் கூடை. மண்டி மிதந்தால் மிதக்கட்டும்.

"ஏனுங்க அண்ணி, உங்க ஊறலக் குடிச்சா ஆட்டு மூத்தரம் தேவலைன்னு தோணுமுங்க."

"போங்க தம்பி. உங்களுது பாயசம். பல்லு மொளைக்காத கொழந்தைக்கு ஊத்துங்க."

"மச்சினா, நீ படிச்சவன். எது நல்லாருக்குது? நாயமாச் சொல்லு."

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க."

"பாத்தீங்களா அண்ணி, காலேசுல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்க."

எனக்கு அண்ணியுடையதுதான் பிடிக்கும். இப்போது சொல்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் இனிப்பு நாக்கோடு நின்றுவிடும். அவள் கசப்பு மெதுவாக உள்ளே இறங்கி எதையோ யோசிக்க வைக்கும்.

எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட நீங்கள் இருவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனீர்கள். அது இந்த மலையின் வழக்கம். வடித்தவர் வாய் முதலில். ஊறலை வடித்தவர் ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தானே குடிக்க வேண்டும். மறுநாள் அவர் எழுந்து நடமாடினால்தான் பிறர் தொடலாம். விருந்தாளி காத்திருந்தாலும் சரி, சாமி காத்திருந்தாலும் சரி.

அன்றும் அப்படியே நடந்திருக்கிறது. அண்ணி முந்தின நாளே வடித்து, குடித்து, நன்றாக எழுந்துவிட்டாள். அதனால் அவள் கொடுத்த ஒரு குடுக்கையை நீங்கள் குடித்தீர்கள். "இந்த வருசமும் ஆட்டு மூத்தரந்தான்" என்று ஊர் கேட்கச் சொன்னீர்களாம். பிறகு வீட்டுக்குப் போய் உங்களுடையதை வடித்தீர்கள். முதல் குடுக்கை உங்கள் வாய்க்கு. வேறு யாரும் தொடவில்லை.

பொழுது சாய்வதற்குள் வாந்தி. பச்சையாக.

அந்தப் பச்சைதான் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது. ஊறலில் இலை போடுகிறவள் யார்? வெள்ளாயி. ஊர் கேட்க அவமானப்பட்டவள் யார்? வெள்ளாயி. ஒருத்தியின் கைப்பக்குவமே அவளுக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது. இப்படியும் நடக்குமா?

நேற்றுக் கூட்டம். விஷம் வைத்தாயா என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அண்ணி எழுந்தாள். வீட்டுக்குப் போய் அதே பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள்.

"கவுண்டரே, எம்பட ஊறல்ல வெசம் இருந்தா எனக்குந்தானுங்க வேலை செய்யோணும்? பாத்துக்கிட்டே இருங்க."

குடித்தாள். நிதானமாக. ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்து ஒரு பெண் சாகிறாளா என்று பார்த்தோம். நானும் பார்த்தேன் மச்சான். வெயில் சாய்ந்தது. அவள் எழுந்து சேலையைத் தட்டினாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். போலாமுங்களா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஊர்க்கவுண்டர் அடக்கவில்லை, ஏனென்றால் அவருக்குச் சிரிப்பே வரவில்லை. "பானையில இல்லீன்னா குடுக்கையில போட்டிருப்பா" என்றார். தலைகள் ஆடின. நாளைக் காலையில் தீர்ப்பு, அது என்னவென்று ஊருக்கு இப்போதே தெரியும். அவளுக்கு யாரும் நெருப்பும் தண்ணீரும் தரக்கூடாது. மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். எங்கே போவாள்? அடிவாரச் சந்தைக்கு அப்பால் அவள் எதைக் கண்டாள்?

இனி இன்று.

அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். உள்ளறையில் புளிப்பு வாடை. வைக்கோலை விலக்கினேன். பித்தளை அண்டா. எங்கள் அப்பா மிளகு விற்றுச் சேந்தமங்கலத்தில் வாங்கி, அக்கா கல்யாணத்துக்குச் சீராகச் சுமந்து வந்தது. இந்தப் பக்கத்தில் வேறு யார் வீட்டிலும் இல்லாதது. மூடியைத் திறந்தேன். நீங்கள் ஒரு குடுக்கைக்கு மட்டும் வடித்தது போக, பாதி அளவு ஊறல் அப்படியே. அது தொட்ட இடமெல்லாம் சுற்றிலும் பச்சை. பாசி இல்லை. களிம்பு. விரலால் சுரண்டினேன், நகத்தில் ஒட்டியது.

விரலை வேட்டியில் துடைத்தேன்.

போன விடுமுறையில் நீங்கள் சொன்னது அப்போது காதில் கேட்டது. மதுவிலக்குச் சட்டம் வந்த பிறகு சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர்கள் மலையேறி வந்து ஊறல் பானைகளைத் தடியால் உடைத்துப் போடுகிறார்கள் என்றீர்கள். "பித்தளைய எவன் ஒடைப்பான் மச்சினா? பொண்டாட்டி சீருன்னு சொல்லிப்போடலாம்." உங்கள் சாமர்த்தியத்தில் நீங்களே மகிழ்ந்து தொடையைத் தட்டினீர்கள். ஏதோ பேச்சு என்று நினைத்தேன். இந்த முறை செய்தேவிட்டீர்கள்.

எங்கள் விடுதிச் சமையல்காரர் ஈயம் பூசாத பித்தளையில் மோரைக்கூட ஊற்ற மாட்டார். கீழ்நாட்டில் இது குழந்தைக்கும் தெரியும். புளித்தது எதுவும் வெறும் பித்தளையில் நிற்கக்கூடாது, நின்றால் விஷம். நாம் மண்ணிலும் மூங்கிலிலும் சுரையிலும் புழங்குகிறவர்கள். நமக்குப் பித்தளை பொன் மாதிரி. பொன்னில் எப்படி விஷம் இருக்கும்?

அக்கா குடத்தோடு வாசலில் நின்றாள்.

"அதத் தொடாத கண்ணு. அவரு கையால போட்ட கடைசி ஊறல். கருமாதியன்னிக்கு வடிச்சு ஊருக்கே ஊத்தோணும்."

ஊருக்கே.

அண்டாவைச் சாய்த்துவிட்டேன். மண் தரை அதைக் குடித்தது. அக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னை அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். கையைப் பிடித்து நிறுத்தி, அவள் விரலாலேயே அந்தப் பச்சையைத் தொட வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் அடிப்பது நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"இது அப்பன் குடுத்த சீருடா. அப்பறம்... எங்கப்பனா எம்புருசனக் கொன்னாரு?"

"யாரும் கொல்லலீங்கக்கா."

"சொல்லாத சாமி. அப்பனுக்குத் தெரிஞ்சா உசுர வெச்சிருக்க மாட்டாரு. அவ போனாப் போறா. அவளுக்குப் புள்ளையா குட்டியா?"

அக்காவா இதைச் சொன்னாள்? உங்கள் அண்ணிக்கு வருடா வருடம் முதல் பலாப்பழத்தை அனுப்பும் அக்காவா? அவள் முகத்தைப் பார்த்தேன். கெட்டவள் இல்லை மச்சான். பயந்தவள்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கத்தைக் கொஞ்சம் மீறி, அன்றே கூட்டாளிகளுக்கும் ஊற்றியிருந்தால் இந்தச் சரிவு முழுக்கப் புதைமேடுகளாக இருந்திருக்கும். நீங்கள் மீறவில்லை. உங்களைக் கொன்றதும் அந்த வழக்கம்தான். ஊர் பிழைத்ததும் அதனால்தான். படித்த புத்தகங்களில் இதற்கு ஒரு சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

நாளைக் காலையில் அந்த அண்டாவை நானே தலையில் வைத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோவேன். கழுவாமல். ஊர்க்கவுண்டர் விரலை விட்டுப் பார்க்கட்டும். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். வாங்கியவர் மேல் பிழையில்லை, ஊறல் போட்டவர் மேலும் பிழையில்லை என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அவர் என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்கிக்கொள்வேன். அக்கா இனி என்னோடு பேசாமல் போகலாம். அதையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் உங்கள் அண்ணி மலையிறங்க மாட்டாள். நாளை மாலை அவள் அடுப்பு புகையும். முதல் நெருப்பை இந்த வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் செய்யும் சத்தியம்.

உங்கள் வீட்டுக்குச் சீரோடு வந்த குடும்பத்தில் பிறந்தவன்,
என்றும் உங்கள் மச்சினன்.