ஆக்ஸ்வோவைக் காலி செய்தார்கள்

பேக்கர், கலிபோர்னியா
ஏப்ரல் 1974

அன்பு மகள் நெல்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் புது முகவரியைப் பார்த்துப் பயந்திருப்பாய். எனக்கு ஒன்றும் இல்லை, கால் வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். டொலிடோவில் பனி விட்டுவிட்டதா? சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டானா?

ஆக்ஸ்வோவை அரசாங்கம் காலி செய்துவிட்டது. செய்தித்தாளில் நீயே பார்த்திருக்கலாம். அந்த நிலம் பாதிரியார் பிக்ஸ்லியுடையது இல்லையாம். சுரங்கம் தோண்டுவதாக எழுதிக் கொடுத்து வாங்கிய பாலைவனத்தில் இத்தனை வருடம் குளமும் விடுதியும் கட்டி வைத்தியம் பார்த்திருக்கிறார். அரசாங்கத்து மார்ஷல்கள் வந்தபோது நாங்கள் காலைச் சாப்பாட்டில் இருந்தோம். வழக்கம்போல ஆட்டுப்பாலும் பேரீச்சம்பழமும்தான். "சாப்பிட்டு முடிங்க பெரியவரே, அவசரமில்ல" என்று ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். பாதிரியார் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முன்தினமே நெவாடாவுக்குப் போய்விட்டிருந்தார்.

ஆக்ஸ்வோ என்ற பெயரைக் கேட்டு நீ எப்போதும் சிரிப்பாய். தேவதூதன் காதில் சொன்ன வார்த்தை, 'எழுந்து நட' என்று அர்த்தம் என்று பாதிரியார் ரேடியோவில் சொல்லுவார். பூமியிலிருந்து வெந்நீராகவே ஊறும் குளம், இறங்கினால் எந்த நோயும் போகும் என்பார். அதைக் கேட்டுத்தான் உன் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். போன முதல் வாரமே அவள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய பலகையைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் காலத்து 'போராக்ஸ் வொர்க்ஸ்' கம்பெனியின் பலகை. இரண்டு பக்கமும் மணல் தின்றுவிட்டு நடுவில் AX WO, ஆக்ஸ்வோ என்று மட்டும் மிச்சம் வைத்திருந்தது. "தேவதூதன் பலகை பார்த்துப் படிச்சிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தாள். குணமாக வந்த இடத்தில் கேலி பேசாதே என்று நான் கடிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேலி பேசவில்லை.

இப்போது சொல்லவந்ததற்கு வருகிறேன். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓட்டிஸ் என்னிடம் வந்தான். சலவைக்கூடத்தில் வேலை செய்த நெட்டை ஆள், உனக்கு நினைவிருக்காது. கொதிகலனைக் கடைசியாக அணைத்துவிட்டு வருவதாக வருத்தத்தோடு சொன்னான். துணி வெளுக்கத்தானே கொதிகலன், அதற்கு ஏன் இத்தனை வருத்தம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"குளத்துக்கும் அதுலேர்ந்துதான் சார் வெந்நீர் போகும். பூமிக்கடியில வர்றது பச்சைத் தண்ணி. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?"

முதல் குளிர்காலத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாளாம். குளிர் காய அங்கே போனவள் குழாய் போகும் திசையைப் பார்த்து நேராகவே கேட்டிருக்கிறாள். அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதே ஓட்டிஸ். இந்தத் தண்ணிய நம்பித்தான் அந்த மனுஷன் தூங்குறாரு" என்றாளாம். அதன் பிறகு மத்தியானங்களில் அங்கே போய் உட்கார்ந்திருப்பாளாம். வலி பொறுக்காமல் அழுவாளாம். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, குளத்துக்கு வருவாளாம்.

நெல்டா, அந்தக் குளத்தின் விளிம்பில் துண்டோடு நான் நிற்பேன். இறங்கினதும் என்னைப் பார்த்து, "இன்னிக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருக்குங்க" என்பாள். தினமும் சொன்னாள். சிறுநீரகம் இரண்டும் மெல்லக் கெட்டுக்கொண்டு வருகின்றன, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொலிடோ டாக்டர்கள் கைவிரித்ததை அவள் மறக்கவே இல்லை. நான்தான் மறந்திருந்தேன். வலிக்கிறது என்று என்னிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். சொல்ல நான் இடம் கொடுத்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். சலவைக்கூடத்து ஆளுக்குத் தெரிந்த வலி எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஓட்டிஸ் மேல் எனக்குக் கோபமில்லை. லாரியில் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

பனைகளுக்குப் பின்னால் இருக்கும் அம்மாவின் கல்லறையைத் தொடமாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பகலில் போய்ப் பார்த்து வரவும் தடையில்லை. நேற்று ஒருவருடைய காரில் போய் வந்தேன். குளம் வற்றத் தொடங்கிவிட்டது, வாத்துகள் மட்டும் இருக்கின்றன.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அம்மாவை அழைத்துப் போக நீ காரில் வந்தாயே, அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே வெகுநேரம் பேசினீர்கள். பிறகு அவள் இறங்கிவிட்டாள். "அம்மாவக் கொல்றீங்கப்பா" என்று சொல்லிவிட்டு நீ போனாய். அவள் பிடிவாதத்தால்தான் உன்னோடு வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வண்டிக்குள் அவள் உன்னிடம் என்ன சொன்னாள்? எனக்காகத்தான் தங்குகிறேன் என்று சொல்லியிருந்தால், அதை மறைக்காமல் எனக்கு எழுதம்மா. வார்த்தைக்கு வார்த்தை எழுது. அவள் எனக்குச் சொல்லாததை உன் வாயாலாவது கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை ரேமண்டுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். பதில் வரும்வரை இந்த அறையில்தான் இருப்பேன்.

உன் அப்பா,
வெண்டல்