வேலியோரம் நின்று பார்த்தது

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்கு வந்திருந்தேன். நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

உங்கள் கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் வராந்தாவுக்கு ஓடினேன். நர்ஸ்தான், "பயப்படாதீங்கம்மா, தோட்டத்துல இருக்காரு. இப்பல்லாம் சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வர்றதில்ல" என்றார்.

வேலியோரம் போய் நின்றேன். சாய்ந்த தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தீர்கள். அதில் கயிறு கட்டிக்கொண்டிருந்த இன்னொரு நோயாளிப் பெரியவரிடம், "ரொம்ப இறுக்காதீங்க, தண்டு நசுங்கிடும்" என்றீர்கள்.

நம் பையன் இறந்தபின் இந்த எட்டு மாதத்தில் உங்கள் குரலை அன்றுதான் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் யாரோ ஒருவருக்குக் கிடைத்த பேச்சு எனக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமையும் வந்தது, மறைப்பானேன்? கூப்பிட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வீர்களோ என்று பயந்து, உங்களுக்குக் கொண்டுவந்த துணிப்பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவன் இறந்த அன்று, அந்த மழையில் அவனைக் கடைக்கு அனுப்பியவள் நான். நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வரும் ஞாயிறு தோட்டத்துக்குள்ளேயே வருகிறேன். என்னோடு பேச வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் பாத்தியில் நானும் உட்கார்ந்து களை பிடுங்குகிறேன். எழுந்து போய்விடாதீர்கள்.

உங்கள் மனைவி